கூட யாரு இருக்கா?

அந்த அக்கா எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பழகிய பிறகுதான் தெரிந்தது, கல்யாண வீட்டுக்கே அவர் அப்படித்தான் போவார் என்று. தாலிச் சங்கிலிக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு நகை மாதிரி கிடக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளக்குத்தூண் பக்கம் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

நான் அப்போது மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கீழே ஜவுளிக்கடை, மேலே நாங்கள். ஒரு பக்கம் பிரவுசிங், மறுபக்கம் வெப்சைட் செய்துகொடுக்கும் பிரிவு. பிரிவு என்றால் என்னமோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். நான், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். சமயநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டு வந்து, வெப்சைட் என்றால் என்னவென்று வியாபாரிகளுக்கு விளக்கியே எனக்குத் தொண்டை வற்றும். இந்த லட்சணத்தில் ஒருவர் தானாகப் படியேறி வந்து, "எனக்கு வெப்சைட்டு வேணும் பாப்பா" என்று சொன்னால் சந்தோஷத்தில் தலைகால் புரியுமா?

அவருக்குச் சுங்குடி நைட்டி மொத்த வியாபாரம். வீட்டில் சௌராஷ்டிர பாஷை, கடையில் மதுரைத் தமிழ். மலேசியாவில் சில கடைகளுக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. நான் நோட்டீஸை விரித்து வைத்து, சில்வர் பிளான், கோல்டு பிளான், பிளாட்டினம் பிளான் என்று எல்லோரிடமும் பாடுகிற பாட்டை ஆரம்பித்தேன். "வெப்சைட்ங்கிறது ஒரு வீடு மாதிரிக்கா. அத வைக்கிறதுக்கு ஒரு இடம் வேணும்ல? அந்த இடத்தைத்தான் நாங்க வாடகைக்குக் குடுக்குறோம். அதுக்குப் பேருதான் ஹோஸ்டிங்."

வீடு என்று சொல்லித் தொலைத்தது நான்தான். வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

"தனி வீடா, காம்பவுண்டு வீடா?" என்று கேட்டார்.

"காம்பவுண்டு மாதிரிதான்க்கா. ஒரே சர்வர்ல நெறையப் பேரு இருப்பாங்க. அதனாலதான் வாடகை கம்மி."

"கூட யாரு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ பேருக்கு ஹோஸ்டிங் விற்றிருக்கிறேன். இடம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, விலையில் எவ்வளவு குறைப்பாய் என்றுதான் கேட்பார்கள். கூட யார் இருக்கிறார்கள் என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. எனக்கும் தெரியாது. அது அமெரிக்காவில் இருக்கிற சர்வர் என்று சொல்லிச் சமாளித்தேன். "நம்ம ஆளுக எல்லாம் அங்கனயா குடியிருக்காக?" என்று அடுத்த கேள்வி வந்தது. தனி சர்வரே எடுத்துக்கொள்ளலாம், அதில் நீங்கள் மட்டும்தான் என்று சொல்லி அதன் மாத வாடகையையும் சொன்னேன். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்புட்டையும் குடுத்தா நான் பைபாஸ் ரோட்டுல நெச வீடே பிடிச்சிருவேனே பாப்பா! காம்பவுண்டே போதும். ஆனா கூட யாரு இருக்கான்னு சொல்லு. சொன்னாத்தான் முன்பணம்."

அந்தக் கேள்வியை அவர் வெப்சைட்டுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும், பக்கத்து சீட்டுப் பெண் எங்கே போகிறார், யார் வீட்டுக்குப் போகிறார் என்று கேட்ட பிறகுதான் உட்காருவார். அதற்குள் அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் நின்றுகொண்டே அந்த இரண்டு பேரிடமும் பேசிக்கொண்டு வருவார். என் அம்மாவை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். வந்தவர் அம்மாவைப் பார்க்கவில்லை. நேராகப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய், "உங்களுக்கு என்ன? கூட யாரு இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டார். என்ன பொம்பளை இவர் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் அந்தப் பக்கத்துக் கட்டில்காரர்கள் அம்மாவுக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கிவந்தார்கள். என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அந்த முன்பணப் பேச்சுக்கு மறுநாள் அவர் கைத்தையலோடு வந்து உட்கார்ந்தபோது, ஏன் இப்படி என்று கேட்டேன். வாயில் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு காம்பவுண்டு வீட்டில் இருந்தார்களாம். தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டு, தீபாவளி சீசனுக்கு மலைபோல வேலை வாங்கி வைத்திருந்தாராம். பக்கத்துப் போர்ஷன்காரர் கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். காம்பவுண்டுக்கே ஒரு லைன்தான். மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

"தீபாவளி முச்சூடும் இருட்டு பாப்பா. ஒரு நைட்டி தைக்க முடியல. வேலை குடுத்தவுக எல்லாம் துணியத் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாக. அவரு திருடுனது கூடப் பெருசு இல்ல. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தாரு பாரு, அதத்தான் என்னால பொறுக்க முடியல. வந்து ஒரு வார்த்தை, 'நான்தான்க்கா செஞ்சேன்'னு சொல்லியிருந்தா நான் விட்டுருப்பேன்."

இப்போது கடை இருக்கும் பழைய கட்டிடத்தையும் இடிக்கப் போகிறார்கள் என்று சொன்னார். காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துவிட்டது. சாமானை வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடை போன் நம்பரும் கடையோடு போய்விடும். புதிதாக ஒரு செல்போன் வாங்கியிருந்தார். அந்த நம்பரை மலேசியாக்காரர்கள் பார்க்க வேண்டுமென்றால் வெப்சைட்டில்தான் பார்க்க வேண்டும். "இனிமே எனக்கு வெலாசம்னு இருக்கப்போறது அது ஒண்ணுதான். அதனாலதான் கேக்குறேன்" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

எங்கள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையிலடித்துக்கொண்டார். மற்ற கஸ்டமர்களின் விவரம் ரகசியம், வெளியே சொல்லக்கூடாது என்று வெளியே வந்து அக்காவிடமே சொன்னார். அக்கா தூக்குவாளியைத் திறந்து எங்கள் வரவேற்பு மேஜையில் வைத்துத் தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஊரு பாக்கட்டும்னுதான் வெப்சைட்டு வைக்கிறாக. அதுல என்ன தம்பி ரகசியம்?" முதலாளி அந்தத் தூக்குவாளியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "சொல்லித் தொலை" என்றார்.

பட்டியல் எடுத்துப் பார்த்தால், அந்த சர்வரில் இருந்தவர்கள் பெரும்பாலும் நாங்கள் பிடித்துக்கொடுத்த ஆட்கள்தான். திருமங்கலத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல். கொட்டாம்பட்டியில் ஒரு கயிறு வியாபாரி. டவுனில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒருவர். இன்னொருவரைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. ஆண்களின் அந்தரங்கக் கோளாறுக்கு லாட்ஜில் ரூம் போட்டு மருந்து கொடுக்கிற வைத்தியர் அவர். சொன்னால் அக்கா எழுந்து போய்விடுவார், என் கமிஷன் அவரோடு போய்விடும். சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"கைராசிக்காரரா?" என்று கேட்டார் அக்கா.

தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

வெப்சைட் தயாராகி, மறுநாள் திறக்கிறோம் என்று சொன்னதும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் பித்தளைப் பாத்திரம், பால் பாக்கெட், ஒரு கரண்ட் அடுப்பு. குடிபோகிற அன்று பால் காய்ச்ச வேண்டாமா என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுப்பை எங்கள் யு.பி.எஸ். பிளக்கில் சொருகிவிட்டார். அது கீச்கீச்சென்று கத்திக்கொண்டு அணைந்தது. கூடவே எல்லாக் கம்ப்யூட்டரும் அணைந்தது. பிரவுசிங் பக்கமிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. முதலாளி ஓடிவந்தார். அக்கா கொஞ்சம்கூட அசரவில்லை. "கீழ டீக்கடையில காய்ச்சிட்டு வாரேன்" என்று பாத்திரத்தோடு இறங்கிப் போய், காய்ச்சிய பாலைக் கொண்டுவந்து, முதலில் மானிட்டர் முன்னால் ஒரு டம்ளர் வைத்தார். பிறகு வைதவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வாய் கொடுத்தார்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. குடிவந்தால் பக்கத்து வீடுகளுக்குப் பாலோ பலகாரமோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது முறை. "இவுகளுக்கு யாரு குடுப்பா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக என்னையும் இழுத்துக்கொண்டு திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினார். டிரைவிங் ஸ்கூல்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா லட்டு டப்பாவை நீட்டினார்.

"யாரும்மா நீங்க?"

"பக்கத்து வீடுண்ணே. புதுசா குடி வந்திருக்கோம்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் இடப்பக்கமும் வலப்பக்கமும் எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் சைக்கிள் கடைல்ல இருக்கு? அந்தப் பக்கம் காலி மனை!"

"ரோட்டுல இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல பக்கத்து வீடு."

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? தரையைப் பார்த்தேன். ஆனால் அரை மணிநேரத்தில் அந்த மனிதர் டீ வாங்கிக்கொடுத்து, மகளுக்கு வரன் அமையாத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டாம்பட்டிக்கு அக்கா தனியாகப் போய்விட்டு, கயிறு வியாபாரியின் மனைவி கொடுத்த தேங்காய்களோடு வந்தார். வைத்தியர் வீட்டுக்கு, அதாவது லாட்ஜுக்கு, நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா போனார். முகத்தைப் பேப்பரால் மறைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு நடுவே லட்டு டப்பாவோடு போய், வைத்தியரிடம், "பக்கத்து வீடுங்க" என்றாராம். வைத்தியர் எழுந்து நின்று கும்பிட்டாராம். அத்தனை வருஷத்தில் அந்த அறைக்குத் தலைநிமிர்ந்து வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சொன்னாராம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மட்டும்தான் கதவைத் திறக்கவில்லை. கம்பிக் கதவுக்குள் இருந்து கையை நீட்டி லட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல பாப்பா. அந்த வீட்டு மேல ஒரு கண்ணு வச்சுக்க" என்றார் அக்கா.

வெப்சைட் நன்றாகத்தான் ஓடியது. கட்டிடத்தை இடிக்கும் நாளும் வந்தது. அதே சமயத்தில் மலேசியாவில் ஒரு பெரிய கடைக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு மெயில் போட்டிருந்தார். விலை ஒத்துவந்தால் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன், அடுத்த வாரம் போனில் பேசலாம் என்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆர்டர் வந்துவிட்டால் கடை போனாலும் கவலையில்லை, வீட்டில் வைத்தே நாலு பெண்களுக்கு வேலை கொடுக்கலாம் என்றார்.

அந்த வாரத்தில்தான் ஒருநாள் காலையில் நான் படியேறும்போதே எல்லா போனும் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வெப்சைட்டும் திறக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல், கயிறு, வைத்தியர், அக்கா, எல்லாமே வெள்ளைத் திரை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து முதலாளிக்குச் செய்தி வந்திருந்தது. அந்த சர்வரில் இருக்கும் யாரோ ஒருவர் தவறாக நடந்துகொண்டதால் சர்வரையே மூடிவிட்டோம், யார் என்ற விவரத்தைப் பிறகு அனுப்புகிறோம் என்று.

அக்கா மூச்சிரைக்க வந்தார். கடையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தவர், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. விஷயத்தைச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல! அந்தக் கம்பிக் கதவுக்காரன்தான். வா பாப்பா, போயி நாலு கேள்வி கேப்போம். ஒருத்தன் செஞ்ச காரியத்துக்கு ஊரே இருட்டுல கெடக்கணுமா?" என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிவரைக்கும் போய்விட்டார். போனவர் நின்று திரும்பினார். "அது சரி, அப்படி என்னதான் செஞ்சானாம்?"

"கேக்காத ஆளுகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்குல மெயில் அனுப்பியிருக்காங்கக்கா. தெரியாதவங்களுக்கு. திரும்பத் திரும்ப. அவங்க எல்லாரும் சேந்து புகார் குடுத்திருக்காங்க."

அக்கா என் கையை விட்டார். கழுத்து டேப்பின் முனையை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். அவருடைய பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் புரியவில்லை.

"பாப்பா, பத்திரிகை வச்சா தப்பா?"

"என்ன பத்திரிகை?"

பொருட்காட்சியில் ஒரு சிடி விற்றார்களாம். வெளிநாட்டு ஜவுளி வியாபாரிகள் விலாசம் எல்லாம் அதில் இருந்ததாம். வாங்கியிருக்கிறார். குடிவந்த விவரத்தை நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமா? புதுமனைக்கு அடிக்கிற மாதிரியே ஒரு பத்திரிகை அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அதை ஸ்கேன் பண்ணி, வீட்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெப்சைட்டோடு நாங்கள் கொடுத்த மெயில் விலாசத்திலிருந்தே அத்தனை பேருக்கும் மெயிலில் அனுப்பியிருக்கிறார். குடும்பத்தோடு வந்து எங்கள் வெப்சைட்டைப் பார்க்கவும் என்று. பதில் போடாதவர்களுக்கு மறுநாள் காலையில் மறுபடியும். அதற்கு மறுநாளும்.

"ஒரு தடவை பத்திரிகையக் குடுத்துட்டுச் சும்மா இருந்தா, ஏனோதானோன்னு கூப்பிட்டாகன்னு நெனைக்க மாட்டாகளா? ரெண்டாந்தடவையும் போயி அழைக்கிறதுதான பாப்பா மரியாதை?"

இவரா? இருக்கிற அத்தனை வீட்டையும் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தவர் இவர். ஒரு கதவைத்தான் அவர் தட்டவில்லை. அது அவருடையது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் கம்பெனியிலிருந்து விவரமும் வந்துவிட்டது. அக்காவின் கணக்குதான். முதலாளி நல்ல மனிதர், அன்றைக்கு இன்னும் நல்லவராக இருந்தார். "தெரியாம செஞ்சதுக்கா. நான் மன்னிப்புக் கேட்டு எழுதுறேன். ஒரு வாரம் பத்து நாள் ஆகும், தொறந்துருவாங்க. மத்தவங்ககிட்ட சர்வர் ரிப்பேர்னு சொல்லிக்கிறேன். உங்க பேரு வெளிய வராது" என்றார்.

"இன்னைக்கே தொறக்க வழி இருக்கா தம்பி?"

முதலாளி தயங்கினார். "இருக்கு. உங்க கணக்க அடியோட எடுத்துட்டா உடனே தொறந்துருவாங்க. ஆனா அது..."

"எடுத்துருங்க."

"அக்கா, மலேசியாக்காரர் அடுத்த வாரம் போன் பண்றேன்னிருக்காரு! நம்பர் அதுலதான இருக்கு! அவரு மெயிலும் உள்ளயே மாட்டிக்கிச்சு, இப்ப தொறக்காது!" என்று நான் கத்தியேவிட்டேன்.

"நான் கொளுத்துன வீட்டுல நான் மட்டும் குளிர்காயவா? எடு பாப்பா."

வேறு கம்பெனியில் இடம் பார்க்கிறேன் என்றேன். அங்கேயும் போய் இருட்டாக்கவா என்று கேட்டார். அவர் எதிரிலேயே நான்தான் அந்தக் கணக்கை அழித்தேன். நைட்டிப் படங்கள், விலைப்பட்டியல், புது நம்பர், மலேசியாக்காரர் மெயில், மூலையில் அவர் பிடிவாதமாகப் போடச்சொன்ன குத்துவிளக்குப் படம், எல்லாம் போயிற்று. சாயங்காலம் மற்ற சைட்டுகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. எனக்கு அழுகை வந்தது. அக்கா அழவில்லை. "பஸ்ஸு இருக்கும்ல இப்ப?" என்றார்.

எங்கே என்று கேட்டேன். சொல்ல வேண்டாமா என்றார்.

யாருக்குமே தெரியாத விஷயம். சர்வர் ரிப்பேர் என்று எல்லோரும் நம்பியாயிற்று. இந்த அம்மாள் பஸ் ஏறிப் போய், தன் வாயாலேயே சொல்லப்போகிறாராம்! கிறுக்கா இவருக்கு என்று நினைத்துக்கொண்டேதான் கூடப்போனேன். டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றுகொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "இன்னைக்கு உங்க வீட்டுல வெளக்கு அணைஞ்சதுக்கு நான்தாண்ணே காரணம்" என்றார். என்ன செய்தார் என்பதையும் சொன்னார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கொட்டாம்பட்டியில் கயிறு வியாபாரி அவரை வாசலில் நிற்கவைத்தே கண்டபடி வைதுவிட்டாராம். அவருக்கு அன்று ஒரு பெரிய இடத்திலிருந்து ஆர்டர் விஷயமாக மெயில் வரவேண்டியிருந்ததாம். "முழுசா கேட்டுட்டுத்தான் வந்தேன். அவரு வஞ்சது ஞாயம்தான" என்றார் அக்கா. லாட்ஜுக்குப் போய் வைத்தியரிடமும் சொல்லிவிட்டு, கம்பிக் கதவுக்காரரிடம் போய், "உங்களத்தான் தப்பா நெனச்சேன், மன்னிச்சுக்கங்க" என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாராம். அவர் கம்பிக்குப் பின்னால் நின்றே கேட்டுக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு அக்கா வரவில்லை. செல்போனில் கூப்பிட்டால் எடுப்பார், "மலேசியாவுல இருந்து ஒண்ணும் வரல பாப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

சில நாள் கழித்து டிரைவிங் ஸ்கூல்காரர் போன் பண்ணினார். "பாப்பா, எங்க சைட்டுல கீழ ஒரு மூலையில எடம் கெடக்குல்ல? அதுல அந்த அக்கா கடைப் பேரையும் நம்பரையும் போட்டு விடு." காதில் விழுந்ததை நம்பமுடியாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மறுநாள் வைத்தியர் நேரிலேயே வந்து அதையே சொன்னார். மூலையில் வேண்டாம், மேலேயே போடு என்றார். கொட்டாம்பட்டியிலிருந்து கயிறு வியாபாரியின் மனைவி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பேசுகிற குரலில், "இவரு கெடக்காரு, நீ போட்டு விடுத்தா" என்றார். கடைசியாகக் கம்பிக் கதவுக்காரரிடமிருந்து ஒரே ஒரு வரி மெயில். எங்கள் பக்கத்திலும் சேர்க்கவும் என்று.

உட்கார்ந்த இடத்திலேயே ஆடிப்போய்விட்டேன். டிரைவிங் ஸ்கூலில் சுங்குடி நைட்டி. கயிறுக் கடையில் சுங்குடி நைட்டி. துபாய் வேலைக்குக் கீழே சுங்குடி நைட்டி. ஆண்மை லேகியத்துக்குப் பக்கத்தில், மதுரைச் சுங்குடி நைட்டிகளுக்கு அணுகவும் என்று அக்காவின் நம்பர்!

மலேசியாக்காரர் பாவம், பழைய விலாசத்தைக் காணாமல் நெட்டில் தேடித்தேடி, கடைசியில் வைத்தியர் பக்கத்தில்தான் அந்த நம்பரைப் பிடித்திருக்கிறார். "எடுத்த ஒடனே, 'டாக்டரம்மாங்களா'ன்னு கேட்டுட்டு அந்தாளு இருமுறாரு, இருமுறாரு, பேச்சே வரல" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்டர் வந்துவிட்டது.

ஆறேழு மாதம் இருக்கும். மறுபடியும் கழுத்தில் டேப்போடு படியேறி வந்தார். வீட்டு மாடியில் மெஷின்கள் போட்டாயிற்று, மறுபடியும் வெப்சைட் வைக்க வேண்டும், எத்தனை நாளைக்கு மற்றவர்கள் வீட்டு மூலையில் இருப்பது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேறு ஒரு கம்பெனியில் நல்ல பிளான் பார்த்து வைத்திருந்தேன். இந்தத் தடவை என்னை யாரும் திகைக்க வைக்க முடியாது. அந்த சர்வரில் யார் யார் இருக்கிறார்கள் என்று நானே அலசி, எனக்குக் கிடைத்த பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"கேளுங்கக்கா. கூட யாரு இருக்கா தெரியுமா? ஒரு புத்தகக் கடை, ஒரு..."

அக்கா கையமர்த்தினார். "அது எதுக்கு பாப்பா? அவுக யாரா இருந்தா என்ன? நீ அந்தக் கம்பெனிக்குப் போனப் போடு. இந்த மாதிரி ஒருத்தி குடி வாரேங்கிறா, முன்னாடி இருந்த எடத்துல இன்னது செஞ்சுட்டு வந்தவ, இனி அப்படிச் செய்ய மாட்டேங்கிறா, கூட இருக்கவுகளுக்குச் சம்மதமான்னு கேளு. சரின்னாகன்னா வாரேன்."

விளையாடுகிறாரா என்று பார்த்தேன். விளையாடவில்லை. மடியில் டேப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு, புதுவீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மறுமுனையில் இருந்த பையன் ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னான்.

"கொஞ்சம் லைன்லயே இருங்க மேடம். கேட்டுச் சொல்றேன்."